மூக்குக்குப் பழகிப்போன வாடை

பெருமாநல்லூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்முணிக்கு,

நேற்று நீ வீடியோ காலில், ஸ்கங்க் நாற்றம் ஏறிய உன் காரின் கதவைத் திறந்து காட்டினதும் உங்கம்மா இங்கே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். போனில் வாடை வராது என்றால், "புள்ள மூஞ்சியப் பாத்தாலே நாறுது" என்கிறாள். நீயோ, "ஆபீஸ்ல பக்கத்து சீட்டு அம்மா எந்திரிச்சு வேற பக்கம் போயிட்டாங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குள் லைன் போய்விட்டது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ ஒன்றரை வேகத்தில் ஓட்டிக் கேட்பாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன், தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான்.

ஸ்கங்க் என்றதும் நம் மரநாய் மாதிரி ஏதோ என்றுதான் முதலில் நினைத்தேன். மரநாய் ஓட்டின்மேல் நடந்துபோனால் சோறு வெந்த வாசம்தான் வரும். "எவ ஊட்ல இந்நேரத்துக்கு உலை வெக்கறா" என்று அப்பத்தா நடுராத்திரியில் கேட்பாள், உனக்கு ஞாபகம் இருக்கும். இது அப்படி இல்லையாம். முன்னங்காலைத் தரையில் தட்டி, வாலைத் தூக்கிக் காட்டி, அதற்கும் ஆள் விலகவில்லை என்றால்தான் நாற்றத் திரவத்தைப் பத்தடி தூரத்துக்குப் பீய்ச்சுமாம். அறுபது மைலில் வருகிற காருக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, பாவம்.

அந்த நாற்றம் தயால் என்கிற கந்தகச் சரக்கு. நம் சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலந்து அனுப்புகிறார்கள். அதுவும் ஸ்கங்க் நாற்றமும் பங்காளிகள். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அதனால் லேசாகத் துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைத்தால் ஆகாது.

தக்காளிச் சாறு ஊற்றிக் கழுவினேன், குறைந்த மாதிரி இருந்தது என்றாய். குறையவில்லை கண்ணு. உன் மூக்கு பழகிவிட்டது, தக்காளி வாசம் மட்டும் புதிதாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பிளீச்சிங் பட்டறையில் நான் சேர்ந்த காலத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்த சிமெண்ட் தொட்டியில் இறங்கித் துணியை மிதிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து குளித்துத் தலை துவட்டி, வேறு சட்டை போட்டுத்தான் பஸ் ஏறுவேன். எனக்கு ஒரு வாடையும் தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு ஸ்டாப் தாண்டியதும் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொள்வார். நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள், "அப்பா, உங்க மேல ஸ்கூல் பாத்ரூம் வாசம் வருது" என்றாய். அதற்கப்புறம்தான் நான் வீட்டுக்குள் வருமுன் கிணற்றடியில் இன்னொரு தரம் குளிக்க ஆரம்பித்தேன். உனக்கு அது தெரியாது.

சரி, மருந்துக்கு வருகிறேன். பட்டறையில் பின்னாளில் பவுடர் போய் பெராக்சைடு வந்தது. அதே ஹைட்ரஜன் பெராக்சைடுதான் உனக்கும் வேண்டும். நாங்கள் புழங்கியது 50 சதவீதம். ஒரு துளி பட்டால் விரல் நுனி சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்து, கட்டெறும்பு கடித்ததுபோல் சுருசுருக்கும். உங்கள் ஊர் மருந்துக்கடையில் பழுப்பு பாட்டிலில் விற்பது 3 சதவீதம், அதுவே போதும். ஒரு லிட்டருக்குக் கால் கப் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். பேக்கிங் பவுடரை வாங்கிவிடாதே, அது வேறு. இல்லினாய்ஸில் பால் கிரேபாம் என்ற வேதியியல்காரர் 1993இல் வெளியிட்ட கலவை இது என்று தம்பி தேடிப் படித்துக் காட்டினான். ஆய்வகத்தில் அழுகிய முட்டை வாடையை அடக்க அவர் பெராக்சைடு பயன்படுத்தியிருக்கிறார். கூட வேலை செய்தவரின் பூனை ஸ்கங்கிடம் மாட்டியதும் அதையே கொஞ்சம் சாதுவாக்கிக் கொடுத்தாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரத்தோடு பெராக்சைடு சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்று எங்கள் பட்டறை மேஸ்திரிக்கே தெரியும். நாங்கள் காஸ்டிக் போட்டோம், அவர் சோடா மாவு போட்டார்.

கலந்ததும் பொங்கும். அப்போதே ஊற்றித் தேய்த்துவிடு. மீதியை மூடி போட்டு வைக்கவே வைக்காதே, ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், பாட்டில் வெடித்துவிடும். பெராக்சைடு கேனின் மூடியில் காற்றுப் போகச் சின்ன வழி விட்டிருப்பதே அதற்குத்தான். எங்களோடு இருந்த பையன் ஒருவன் வீட்டுத் தரை தேய்க்கலாம் என்று கூல்ட்ரிங்ஸ் பாட்டிலில் பிடித்து, இறுக்க மூடி, டிவிஎஸ் 50 பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பூண்டி தாண்டுவதற்குள் பட்டாசு மாதிரி சத்தம். நல்லவேளை, பை மட்டும்தான் கிழிந்தது. குளோரின் பிளீச்சையும் இதோடு சேர்க்காதே.

கையுறை போட்டுக்கொண்டு முதலில் காரின் அடிப்பகுதியைப் பார். அடிபட்டிருந்தால் சதையோ முடியோ ஒட்டியிருக்கும், அது இருக்கும்வரை எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. சோப்புத் தண்ணீரை அழுத்தமாக அடித்துக் கழுவு. பிறகு டயர், சக்கரக் குழிவு, பம்பர் அடி, எல்லா இடத்திலும் கலவையைத் தடவிப் பத்து நிமிஷம் விட்டுத் தண்ணீர் ஊற்று. பெயிண்டில் மறைவான ஒரு இடத்தில் தடவிப் பார்த்துவிட்டுச் செய். சீட்டுத் துணியில் மட்டும் கை வைக்காதே. வெளுக்கிற வேலையை முப்பது வருஷம் பார்த்தவன் சொல்கிறேன், உன் கறுப்பு சீட்டில் திட்டுத்திட்டாகச் செம்பட்டை விழும். அதற்கு சோடா மாவை உலர்ந்தபடியே தூவி, ராத்திரி விட்டு, காலையில் வாக்குவம் போட்டு எடு.

முக்கியமாக ஏசி பில்டர். போன ஐப்பசியில் நம் காரில் ஏசி போட்டாலே பிண வாடை. வொர்க்ஷாப்பில் சென்ட் ஒன்றை மாட்டி முந்நூறு ரூபாய் வாங்கினார்கள். மல்லிகைப்பூவும் பிணமும் சேர்ந்து மணத்தது, உங்கம்மா பல்லடம் வரை வாந்தி. கடைசியில் தம்பிதான் டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி பில்டரை உருவினான். அதன்மேல் எலிக்குஞ்சு ஒன்று காய்ந்து கிடந்தது. வெளிக்காற்று உள்ளே வரும் வழி வைப்பருக்குக் கீழே இருக்கிறது. உன் ஸ்கங்க் வாடையும் அந்த வழியாகத்தான் ஏறியிருக்கும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கரி பில்டர் என்று கேட்டு வாங்கு. நாலு கதவையும் திறந்து, வெளிக்காற்றில் வைத்து, பேனை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிடு.

காங்கேயம் பக்கம் சுடுகிற தொட்டிக்கரியை ஒரு மூட்டை அனுப்பட்டுமா என்று அம்மா கேட்கிறாள். வேண்டாம், அதே தேங்காய்த் தொட்டியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் பை அங்கேயே கிடைக்கும், இரண்டை வாங்கி சீட்டுக்கு அடியில் வை. சாம்பிராணி போடச் சொல்லவும் சொன்னாள். காருக்குள் நெருப்பு வைக்காதே.

இவ்வளவும் செய்தபிறகு ஒரு மழை நாளில் திரும்ப லேசாக வரலாம். பயப்படாதே. ஸ்கங்க் பீய்ச்சின திரவத்தில் தயோஅசிட்டேட் என்று ஒன்று ஒளிந்திருக்கும், ஈரம் பட்டால் மெதுவாகத் தயாலாக மாறும். இன்னொரு தரம் கழுவ வேண்டியதுதான். அன்றைக்குப் போட்டிருந்த கோட்டையும் மறக்காதே. ஆபீஸில் அந்த அம்மாவை எழுப்பிவிட்டது கார் அல்ல, கோட்டுதான். அதைத் துவைக்கக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொல்லிக் கொடு.

வாடை போனதா என்று நீ மோந்து பார்க்காதே. மாப்பிள்ளையையும் கேட்காதே, அவரும் அதே காரில்தான் வந்தார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவைக் கூப்பிட்டு ஒரு நிமிஷம் உள்ளே உட்காரச் சொல், அவர் முகத்தைப் பார்.

அப்பா