23-ஆம் நம்பர் தட்டு

எங்கள் ஊர்க்காரர்களுக்கும், மதுரைப் பயிற்சி மையத்தில் என்னோடு தங்கிப் படித்த 34 பேருக்கும்,

அப்பா நேற்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தானாகக் கஞ்சி குடித்தார். டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. ஆனாலும் என்னிடம் கொடுக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். விறகை மூடி எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்டத்தில் அன்றைக்கு அப்பாவுக்கு நடந்த விபத்தை மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றீர்கள்.

ஈரச் சாக்கோடு ஓடிவந்தவர்கள், 108-க்கு வழிகாட்ட வெயிலில் மெயின் ரோட்டில் நின்ற பையன்கள், பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவர்கள், எங்கள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டியவர்கள், நான் விட்ட பாடத்தையெல்லாம் நோட்டில் எழுதி வைத்த தோழிகள், அலுவலகத்தில் எனக்காகப் பேசிய வார்டன் மேடம். ஒருவர் பெயரைச் சொல்லி இன்னொருவரை விட்டால் சண்டை வரும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

நான் தனியாகச் சொல்ல வேண்டியது சமையல்கட்டு அக்காவைப் பற்றி. பெயரைப் போட்டால் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை.

மையத்தில் சேரும் அன்று ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு தருவார்கள். அடியில் நெயில் பாலிஷால் நம்பர் எழுதியிருக்கும். என்னுடையது 23. யாராவது பாதியில் வீட்டுக்குப் போய்விட்டால், நம்பரைச் சுரண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் மாதத்திலேயே இரண்டு தட்டு அப்படிக் கைமாறியதைப் பார்த்திருக்கிறேன். ஒருத்திக்குக் கல்யாணம் பேசினார்கள். இன்னொருத்தி ஏன் போனாள் என்று இன்றுவரை தெரியாது.

அப்பாவைப் பார்க்கப் போன நான் பதினேழு நாள் மையத்துக்குத் திரும்பவில்லை. காலையும் மாலையும் விரல் வைத்தால்தான் அங்கே வருகைப் பதிவு. (சேர்ந்த புதிதில் அந்த மிஷின் என் விரலை ஏற்கவே இல்லை. கரி அள்ளித் தேய்ந்த ரேகை அதற்குப் பிடிபடவில்லை.) நாள் கூடக்கூடப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று எனக்கே தெரியும். படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போகத்தான் திரும்பி வந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இறங்கியபோது இரவு எட்டரை. எனக்குப் பிடிக்காத கோதுமை உப்புமா. அடுக்கில் 22-க்கும் 24-க்கும் நடுவில் என் தட்டு கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன், ஈரம் காயவில்லை. பதினேழு நாள் யாரும் சாப்பிடாத தட்டு, தூசி படிந்திருக்க வேண்டும். தோழிதான் சொன்னாள், அக்கா தினமும் எல்லாத் தட்டோடும் அதையும் போட்டுக் கழுவினாராம். ஏன் என்று கேட்டதற்கு, "கழுவாமக் கெடந்தா ஆளில்லாத தட்டுன்னு எவளாச்சும் எடுத்துருவா. அந்தப் புள்ள வந்து எதுல சோறு திங்கும்?" என்றாராம்.

அன்றைக்கு உப்புமாவை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பெட்டியைத் தொடவில்லை.

தங்கச்சிகளுக்காக ஒரு விஷயம். நான் படித்தது ஜிடிஏ, அதாவது நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலை. 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமத் திறன் பயிற்சித் திட்டத்தில் தங்குமிடம், சாப்பாடு, யூனிஃபார்ம், கொஞ்சம் ஆங்கிலம், கம்ப்யூட்டர் எல்லாம் இலவசம். அம்மாவின் நூறு நாள் வேலை அட்டையைக் காட்டித்தான் சேர்ந்தேன். மகளிர் குழுவில் கேட்டால் சொல்வார்கள். "பொம்பளப் புள்ள ஊரான் உடம்பைத் தொடச்சிவிடுற வேலைக்கா?" என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். அவருக்கும் ஒரு தகவல்: ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, குதிகால் படுக்கையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் துணியை மடித்து வைத்தது, விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டது எல்லாம் அந்தப் பாதிப் படிப்பில் கற்றதுதான். அப்பா முதுகில் படுக்கைப் புண் வரவில்லை. "யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று நர்ஸ் அக்கா கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: எங்கள் மிஸ். அவருக்கும் நன்றி.

தேர்வு பாஸாகிவிட்டேன். ஒன்றாம் தேதி வேலையில் சேர்கிறேன். எந்த வார்டில் போட்டாலும், பார்க்க ஆள் வராத கட்டிலுக்குத்தான் முதலில் போவேன். இதை எழுதி வைத்துவிட்டால் பின்வாங்க முடியாது, அதற்காகவே எழுதுகிறேன்.

கடைசி நாள் அக்காவிடம் போய், தட்டுக்குக் காசு கொடுத்துவிடுகிறேன், நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்புறம் அடுத்து வர்ற புள்ள எதுல திங்கும்?"

சரி என்று, ஐந்து ரூபாய்க் காசால் 23-ஐ நானே சுரண்டினேன். கழுவி, அடுக்கில் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.