ஹார்ஸ்பர்க் விளக்கைப் பற்றி என்னைப் பேசவைத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைப் பற்றி நான் பேசியதைக் கேட்க 42 பேர் வந்திருந்தீர்கள். இருபது நாற்காலி போதும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து மற்ற நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பையன்களுக்கு முதல் நன்றி.

முப்பது வருஷம் இழுவைப் படகில் வேலை பார்த்தவன் நான். மேடைப்பேச்சு பழக்கமில்லை. 2008 மே 23 அன்று, மலேசியாவும் உரிமை கேட்ட பெட்ரா பிராங்கா என்ற கடல் பாறை சிங்கப்பூருக்குத்தான் என்று அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது காப்பிக்கடையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தோம். கையளவு பாறைக்கு இத்தனை சண்டையா என்று யாரோ கேட்டார். அந்தப் பாறைமேல் நிற்கும் ஹார்ஸ்பர்க் விளக்கை நாங்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருந்தோம். அது எப்படி வந்தது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த அரிப்புதான் இது.

தேசிய நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடக் கற்றுக்கொடுத்த ஓர் அம்மாவுக்கு நன்றி. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கணினியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் முதல் தடவை போலவே சொன்னார்.

கோப்புகளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் இன்னொருவர். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் புளோக்கில் எல்லாருக்கும் அவர் 'சார்'தான். "கடிதத்தில் என்ன எழுதியிருக்கு என்பதை அப்புறம் பாருங்க. எந்தத் தேதியில் போச்சு, எந்தத் தேதியில் பதில் வந்தது, முதல்ல அதைப் பாருங்க" என்றார். அப்படிப் பார்த்த பிறகுதான் கதையே பிடிபட்டது.

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட நிபுணர். இளமையில், 1786இல், அவர் இருந்த கப்பல் தவறான வரைபடத்தை நம்பிப் போய் டியேகோ கார்சியாவில் மோதி உடைந்தது. மீதி வாழ்நாள் முழுக்கச் சரியான வரைபடம் போடுவதிலேயே கழிந்தது. 1836இல் அவர் இறந்ததும், அவர் பெயரில் ஒரு விளக்கு வேண்டும் என்று சீனாவின் காண்டன் துறைமுகத்தில் இருந்த வியாபாரிகள் பணம் திரட்டினார்கள். விளக்கு எரிந்தது 1851 அக்டோபர் 15ஆம் தேதி. நடுவில் பதினைந்து வருஷம் என்ன நடந்தது? கடிதம் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து கம்பெனி அரசு இருந்த கல்கத்தாவுக்கு, கல்கத்தாவிலிருந்து லண்டனுக்கு, திரும்ப அதே வழியில். பெட்ரா பிராங்காவா, ஜொகூர்க் கரைக்குப் பக்கத்தில் உள்ள பீக் ராக் என்ற பாறையா என்பதை முடிவு செய்யவே வருஷங்கள் போயின. கட்டுவதற்கு ஆனது இரண்டு பருவம்தான். வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பாறையில் கால் வைக்கவே முடியாது.

பணக் கணக்கையும் சார்தான் விளக்கினார். மொத்தச் செலவு 23,665 ஸ்பானிய டாலர். வியாபாரிகள் சேர்த்தது அதில் ஒரு பகுதிக்கே போதும். மீதியைக் கம்பெனி போட்டது. போட்டதைக் கப்பல்களிடம் சுங்கமாக வசூலிக்க வேண்டும். ஆனால் சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம். வந்த கப்பலிடம் காசு கேட்காததுதான் அதன் பிழைப்பே. சுங்கம் போடும் சட்டம் 1852இல் வந்தது, அதுவும் கல்கத்தாவிலிருந்து. இங்கே சட்டசபை என்று ஒன்று அமைந்ததே 1867இல்தான். 1854இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, நீரிணையின் மற்ற விளக்குகளுக்கும் சேர்த்துப் புதுச் சட்டம் போட்டார்கள். நான் இந்த இடத்தில் பேசும்போது முன்வரிசையில் இரண்டு பேர் கண் அயர்ந்ததைக் கவனித்தேன். கோபமில்லை. ஆனால் என் மனதுக்குப் பிடித்த பகுதி இதுதான். கல்லை யாராவது தூக்கி வைத்துவிடலாம். அந்த விளக்கில் நாளைக்கும் எண்ணெய் ஊற்ற யார் காசு கொடுப்பது என்பதல்லவா பெரிய கேள்வி.

பெட்ரா பிராங்கா என்பது போர்த்துகீசியர் வைத்த பெயர். மலாய்க்காரர்களுக்கு அது பத்து புத்தே, வெள்ளைக் கல். கடற்பறவை எச்சத்தால் வெள்ளை வெளேரென்று இருந்த கல். இதைச் சொன்ன பாக்சிக் (மலாயில் 'மாமா' என்று மரியாதையாகக் கூப்பிடுவது) என்னோடு இருபது வருஷம் ஒரே படகில் இருந்தவர். இன்னொரு கலங்கரை விளக்கமான ராஃபிள்ஸ் விளக்கு நிற்கும் புலாவ் சத்துமு தீவின் பெயரில் உள்ள 'துமு' ஒரு கண்டல் மரம் என்றும், பெயருக்கு 'ஒற்றை மரம்' என்று பொருள் என்றும் சொன்னதும் அவர்தான். 1844இல் கவர்னர் பட்டர்வொர்த் ஜொகூர் சுல்தானுக்கும் தெமெங்கோங் என்ற மலாய்த் தலைவருக்கும் எழுதிய கடிதம் காணாமல் போய்விட்டது, அவர்கள் எழுதிய பதில்கள் மட்டும் இருக்கின்றன, 160 வருஷத்துக்கு மேல் கழித்து நீதிமன்றத்தில் அதைப் பற்றி வாதாடினார்கள் என்று நான் சொன்னபோது பாக்சிக் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்டுத் தண்ணீர் பில் மாதிரி" என்றார்.

அப்புறம் உபின் தீவுப் பயணம். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்காமல் எங்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பம்போட் (சின்ன மோட்டார் படகு) அண்ணனுக்கு நன்றி. ஹார்ஸ்பர்க் விளக்கின் கருங்கல் அந்தத் தீவிலிருந்து போனது. கட்டியவர் ஜான் டர்ன்புல் தாம்சன், அரசு நில அளவையாளர், அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. 1847இல் பாறைமேல் செங்கல் தூண்களைக் கட்டி, அலை என்ன செய்கிறது என்று சோதித்துப் பார்த்தார். அலை பலவற்றை வாரிக்கொண்டு போனது. சரி, கருங்கல்தான் என்று முடிவானது.

அப்பா உபின் கல்குவாரியில் வேலை பார்த்ததாகச் சொன்ன சீனப் பெரியவர் ஒருவர் எங்களோடு வந்தார். ஒரு பாறையில் வரிசையாக இருந்த சின்னக் குழிகளைக் காட்டினார். விரலின் முதல் கணு உள்ளே போகும் ஆழம், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. குழியில் ஆப்பை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்களாம். சத்தம் மாறும்போது கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் கல் தானாகவே பிளக்கும். எந்தச் சத்தம் என்று கேட்டேன். நாக்கைத் தட்டிக் காட்டினார். எழுத்தில் வராது.

அந்தக் குழிகளின் படத்தைத் திரையில் காட்டியபோது பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா, "கல்லு உடைச்சவங்க பேரு என்னங்க?" என்று கேட்டார். அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஹார்ஸ்பர்க்கில் கல் கொத்தியவர்கள் சீனர்கள். ராஃபிள்ஸ் விளக்குக்கு 1854 மே 24இல் அடிக்கல் நாட்டினார்கள். ஹார்ஸ்பர்க்குக்கும் அதே மே 24தான், விக்டோரியா ராணியின் பிறந்த நாள். ராஃபிள்ஸ் விளக்கைக் கட்டும் வேலைக்கு இந்தியக் கைதிகளைப் போட்டார்கள். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு முதல் தடவையாக வந்து இறங்கிய 80 கைதிகளும் சென்னை மாகாணத்து ஆட்கள். அடிக்கல் பட்டயத்தில் கவர்னர் பெயர் இருக்கிறது, கல்வெட்டியவர் எவர் பெயரும் இல்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான் அக்கா.

ஒரு திருத்தமும் உண்டு. ஹார்ஸ்பர்க்குக்கு அடிக்கல் நாட்டியவர் கவர்னர் என்று பேச்சில் சொல்லிவிட்டேன். நாட்டியது ஃப்ரீமேசன் சங்கத்தார். கவர்னர் கூட இருந்தார். கூட்டத்தில் சொல்லி என்னைச் சங்கடப்படுத்தாமல், முடிந்தபின் வாசலில் வைத்து மெதுவாகச் சொன்ன ஆசிரியருக்கு நன்றி.

பதாகை விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'கலங்கரை விளக்கம்' என்று அடிக்கக் கொடுத்தேன். 'கலங்கிய விளக்கம்' என்று வந்தது. என் பேச்சைக் கேட்டவர்கள் கடைக்காரர் சரியாகத்தான் அடித்திருக்கிறார் என்று நினைத்திருக்கலாம். வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டி, மார்க்கரால் 'கரை' போட்டுக் கரைசேர்த்த பாலிடெக்னிக் பெண்ணுக்குத் தேக்காவில் ஒரு நெய்த்தோசை கடன் பட்டிருக்கிறேன்.

வீட்டில் ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். நிறையச் சொன்னாள். ஆனால் ஒரு காகிதம்கூடத் தொலையவில்லை.

கடைசியாக ஒன்று. மேசைமேல் பார்வைக்கு வைத்திருந்த உளியை யாரோ தெரியாமல் எடுத்துப் போயிருக்கிறீர்கள். அது அந்தச் சீனப் பெரியவரின் அப்பாவுடையது. தலைப்பக்கம் நசுங்கி இருக்கும். மன்றத்து முகப்பில் கொடுத்துவிடுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். யார், எவர் என்று கேட்கமாட்டேன்.