டெல்டாவின் அடிமண்ணை வரைபவர்களுக்குச் சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டாவின் மண்ணடுக்கு வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

கணினியில் ஏற்றுமுன் போர் பதிவுகளை, அதாவது துளையிடும்போது எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதும் குறிப்புகளை, திருத்துங்கள். எங்கள் வேண்டுகோள் அதுதான்.

சேலத்துப் பாறையில் காற்றழுத்தத்தால் துளைக்கும்போது தூள் உடனே மேலே வரும். டெல்டாவில் சேற்றுக்குழம்பு விட்டுத் துளைக்கிறீர்கள். அங்கே துகள் தாமதமாக வரும், மென்களி குழம்பிலேயே கரையும், மேலடுக்கு மணல் சரிந்து கலக்கும். தாமதத்தைக் கழிக்காமல் எழுதினால் களியின் எல்லை கீழே இறங்கிவிடும். மெல்லிய களிப்படலம் பதிவிலேயே இருக்காது. கடல்நீரைத் தடுத்து நிற்பது சில இடங்களில் அந்தப் படலம்தான்!

ஆகவே 1.5 மீட்டருக்கு ஒருமுறை ஸ்பிளிட் ஸ்பூன் எனும் பிளவுக் குழாயை அடித்து இறக்கி மண் மாதிரி எடுங்கள். 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. வீழ்ச்சி, முதல் 15 செ.மீ. அடிகளைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த 30 செ.மீ.க்கான அடிகளை எண்ணுங்கள்; மண்ணின் இறுக்கத்தைச் சொல்வது அந்த எண்.

துளை முடிந்ததும் காமா பதிவு (துளைக்குள் மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சை அளப்பது) எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். களியில் காமா கூடும், மணலில் குறையும் என்பது பொதுவிதி. காவிரி மணலோ பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் பாறை நிலங்களிலிருந்து வருவது. சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறும் மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேர்கிறது. கதிர்வீசும் கனிமங்களான பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரோ மோனசைட்டோ மிகுந்த மணல், களிபோலவே காட்டும். கடலோரத்தில் மின்தடை அளவீடும் இப்படித்தான் ஏமாற்றும்: உப்புநீர் ஊறிய மணலுக்கும் களிக்கும் தடை குறைவே.

ஆழத்தைத் தரையிலிருந்து எழுதிய பதிவுகளைக் கடல்மட்டத்துக்கு மாற்றுங்கள். இல்லையேல் தொடர்ச்சியான ஒரே அடுக்கு, வரைபடத்தில் படிப்படியாக உடைந்து தெரியும்.

துளைகளுக்கு இடையே உள்ள மண்ணைக் கணிக்க, களிக்கு 1, மணலுக்கு 2, சரளைக்கு 3 என்று எண் கொடுத்துச் சராசரி எடுப்பது பெரும் பிழை. களிக்கும் சரளைக்கும் நடுவே, இல்லாத மணலைக் கணினி உண்டாக்கிவிடும். ஒவ்வொரு வகைக்கும் உண்டு, இல்லை என 1, 0 இட்டு நிகழ்தகவு கணக்கிடுங்கள். பழைய ஆற்றுத்தடத்தின் மணல் நீளவாக்கில் தொடரும், குறுக்கே சட்டென முடியும். எனவே தூரம் கூடக்கூட மண் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் வேரியோகிராம் வரைபைத் திசைவாரியாகப் போடுங்கள். துளைகள் 2 கி.மீ. இடைவெளியில் இருந்தால் 300 மீட்டர் அகலத் தடம் நடுவே நழுவிவிடும். அதை எந்தக் கணக்கும் மீட்காது. சில துளைகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி, முடிவை அவற்றோடு ஒப்பிடுங்கள்.

வரைபடத்தோடு மூலப் பதிவுகளையும், துளைத்த முறை, தரைமட்ட உயரம், ஆயத்தொலைவு ஆகியவற்றுடன் பொதுவில் வையுங்கள். உறுதி குறைந்த பகுதிகளை வேறு நிறத்தில் காட்டுங்கள்.

அன்புடன்,
சேலத்தில் நிலவியல் கற்பிப்போரும் போர் பதிவு எழுதுவோரும்