இருபது லீற்றர் டீசலுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நன்றி

ஆரையம்பதி மாமாவுக்கும், வேன் ஓட்டிய காத்தான்குடி நானாவுக்கும், முன்வீட்டு அன்ரிக்கும், ஒட்டாவாவில் போனை எடுத்த அந்தப் பிள்ளைக்கும், பெயர் கேட்காமலே வந்துவிட்ட இன்னும் சிலருக்கும்,

நானும் மகனும் சுகமாகக் கனடாவுக்கு, ஸ்காபரோ வந்து சேர்ந்துவிட்டோம். வந்து இரண்டு கிழமை ஆகிறது. நன்றி சொல்லவென்று உட்காரும்போதெல்லாம் அழுகைதான் வந்தது. இன்றைக்கு எப்படியாவது எழுதி முடிக்க வேண்டும்.

அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்காக ஏப்ரல் கடைசியில் மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தோம். மின்வெட்டு, பெற்றோல் வரிசை எல்லாம் தெரிந்துதான் வந்தேன். ஆனால் 2022 மே 9 ஆம் திகதியை யார் எதிர்பார்த்தார்கள்? கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டக்காரர்களை அடிக்கிறார்கள் என்று மத்தியானம் செய்தி வந்தது. பொழுதுபடுவதற்குள் பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகிவிட்டார், நாடு முழுக்க ஊரடங்கு. இரவிரவாக அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. எங்களுக்கோ 12 ஆம் திகதி விடியப்புறம் விமானம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். முற்பணம் வாங்கியிருந்த கொழும்பு வேன்காரர் போனை நிறுத்திவிட்டார்.

பிறந்த ஊர்தானே என்ற நினைப்பில் கனடிய உயர்ஸ்தானிகராலயத்தில் பதிவுகூடச் செய்யாமல் வந்திருந்தேன். அது பிழை. அன்றிரவு ஒட்டாவாவில் இருக்கும் கனடிய அரசின் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். எங்களுக்கு இரவு பத்து மணி, அங்கே மத்தியானம் பன்னிரண்டரை. பேசிய பிள்ளை வீண் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நாங்கள் வாகனம் அனுப்ப மாட்டோம், போவதா நிற்பதா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்" என்று நேராகச் சொன்னார். அப்புறம் நான் போனில் இருக்கும்போதே எங்கள் இருவரையும் பதிந்தார். கூட்டத்தைக் கண்டால் இறங்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், கொழும்புக்குள் போகவே வேண்டாம், பாஸ்போட்டின் பிரதியை வேறு பையில் வையுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். தங்கச்சி, அந்தக் கடதாசி இன்னும் என் பையில் இருக்கிறது.

விமானப் பயணிகள் ரிக்கெற்றையும் பாஸ்போட்டையும் காட்டிப் போகலாம் என்று அடுத்த நாள் தெரிந்தது. அன்ரி யார் யாருக்கோ போன் பண்ணி நானாவைப் பிடித்தார். வேன் இருக்கிறது, டீசல் இல்லை. அப்போதுதான் மாமா உள்ளே போய் அந்தக் கானைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாமா, அது என்ன டீசல் என்று எனக்குத் தெரியும். சிறுபோக வெள்ளாமைக்குத் தண்ணீர் இறைக்கவென்று, நாள் கணக்கில் வரிசையில் நின்று எடுத்து வைத்தது. உரமே இல்லாமல் விதைத்த போகம் அது. தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டிப் புனலாக்கி, பழைய சாரன் துண்டைப் போட்டு வடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினீர்கள். கடைசியில் கானைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கன நேரம் நின்றீர்கள். காசை நீட்டினேன். "பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர் புள்ள, வயல் எங்க போகப் போகுது?" என்றீர்கள்.

நானா, ஓட்டம் முழுக்க நீங்கள் செய்ததை இங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மன்னம்பிட்டி தாண்டும் முன்னமே ஹபரணையில் ஒருவரை, தம்புள்ளையில் ஒரு லொறிக்காரரைப் போனில் எடுத்து வீதி எப்படி என்று கேட்டீர்கள். மகிந்தவின் வீடு எரிந்த குருநாகலில் டவுனுக்குள் போகாமல் உள்வீதியால் சுற்றினீர்கள். மறித்த இடங்களில் எல்லாம் கண்ணாடியை இறக்கி, உள்லைற்றைப் போட்டு, எங்கள் பாஸ்போட்டுகளை ஸ்டியரிங்கின் மேல் எல்லோருக்கும் தெரிய வைத்தபடி, அவசரப்படாமல் சிங்களத்தில் கதைத்தீர்கள். இருட்ட முன்னம் பெரிய பட்டினங்களைக் கடந்துவிட வேண்டும் என்று காலையிலேயே வெளிக்கிட்டதும் உங்கள் யோசனைதான். நான் பின்னேரம் போவோம் என்று நின்றேன்.

கலேவெலவுக்குக் கிட்ட மகன் பசியில் அழுதான். கடை ஒன்றும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் வெசாக் வெளிச்சக் கூட்டுக்கு மூங்கில் ஈர்க்குகளைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் நானா சுடுதண்ணீர் கேட்டார். அவர் எங்களை உள்ளே கூப்பிட்டு விறகடுப்பில் இருந்த சோறும் பருப்பும் போட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. மகனின் தலையைத் தடவி என்னவோ சொன்னார், காசு வாங்க மாட்டேன் என்றார். அந்த வீட்டுக்கு இந்த மடல் போய்ச் சேராது. என்றாலும் எழுதுகிறேன்.

நாட்டைவிட்டு ஓடும் அரசியல்வாதிகளைப் பிடிக்கவென்று விமான நிலைய வீதியில் நின்ற இளைஞர்களும் என் நினைவில் இருக்கிறார்கள். ரோச் வெளிச்சத்தை முகத்தில் அடித்தவர்கள், மடியில் நித்திரையான பிள்ளையைக் கண்டதும் வெளிச்சத்தைத் தாழ்த்தி, மற்றவர்களுக்கும் சைகை காட்டி வழிவிட்டார்கள்.

நானா ஊர் திரும்பிவிட்டார் என்று அன்ரி சொன்ன பிறகுதான் எனக்குச் சரியாக நித்திரை வந்தது. மாமா, அந்த இருபது லீற்றரை நான் கடனாகவே எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீர் எப்படி இறைத்தீர்கள், வெள்ளாமை எப்படி இருக்கிறது என்று ஒரு போன் எடுங்கள்.

உங்கள் மருமகள்