வாய்மொழியாக வந்த தடுப்பூசிக் கட்டளை

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருந்தொற்றுக் காலத்தில் தொழில் நிலையங்கள் நடந்துகொண்ட விதம் குறித்துத் தங்கள் பத்திரிகையில் கடந்த வாரம் வெளியான கட்டுரை, தடுப்பூசியை மறுத்த ஊழியர் அனைவரையும் வதந்தியை நம்பியவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவ்வாறு மறுத்தவர்களுள் ஒருத்தி என்ற வகையில் இதனை எழுதுகிறேன்.

2021 ஒக்டோபர் 1 ஆம் திகதி தனிமைப்படுத்தல் ஊரடங்கு நீக்கப்பட்டு, கொழும்பு கோட்டையிலுள்ள எங்கள் அலுவலகம் மீண்டும் திறந்தபோது, வாயிற்காவலர் வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டிவிட்டுத் தடுப்பூசி அட்டையையும் கேட்டார். என்னிடம் அட்டை இல்லை. மருத்துவரின் கடிதமே இருந்தது. முன்னொருமுறை ஊசி மருந்து ஏற்றியபோது தொண்டை அடைத்து மூச்சுத் திணறியவள் என்பதால், நிபுணரின் ஆலோசனையைப் பெற்ற பின்னர், வைத்தியசாலைக் கண்காணிப்பிலேயே எனக்குத் தடுப்பூசி ஏற்ற வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. மனிதவளப் பிரிவினர் அக்கடிதத்தைக் கையில் வாங்கவும் மறுத்து, மேலிடத்து உத்தரவு என்றார்கள். அவ்வுத்தரவை எழுத்தில் தருமாறு கேட்டபோது, தொலைபேசியில் சொன்னது போதாதா என்று திருப்பிக் கேட்டார்கள். சம்பளமற்ற விடுமுறையும் வாய்மொழியாகவே அறிவிக்கப்பட்டது. சம்பளச் சீட்டில் கழிவு மட்டும் தவறாமல் அச்சாகி வந்தது.

சம்பளமற்ற விடுமுறையில் அனுப்பப்பட்டோர் பட்டியலில் என்னோடு இருந்தவர்களின் காரணங்கள் வேறு. ஒருவர், சீனத் தயாரிப்பான சினோபாம் தடுப்பூசி ஏற்றியவர்களை லண்டன் அப்போது ஏற்காததால், அங்குள்ள மகளிடம் போவதற்காகப் பைசருக்குக் காத்திருந்தார். 2021 நவம்பர் 22 இல்தான் பிரித்தானியா சினோபாமை ஏற்றுக்கொண்டது. இன்னொருவர் முஸ்லிம் சகோதரர். கொவிட்டால் இறந்த தம் உறவினரின் ஜனாஸாவை (உடலை) அடக்கம் செய்ய விடாமல் எரித்த சுகாதாரத் துறையினர் நீட்டும் ஊசிக்கு எப்படிக் கை நீட்டுவது என்று கேட்டார். அந்தக் கட்டாயத் தகனம் 2021 பெப்ரவரி வரை நீடித்ததை நினைத்தால், அவரை வதந்தியை நம்பியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தடுப்பூசி உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நானும் பின்னர் வைத்தியசாலையில் ஏற்றிக்கொண்டேன், எந்தப் பாதிப்பும் நேரவில்லை. என் முறைப்பாடு கட்டளை வந்த விதம் பற்றியது. அமெரிக்காவில் நூறும் அதற்கு மேலும் ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கான தடுப்பூசி விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 13 இல் இடைநிறுத்தி, சுகாதாரப் பணியாளர்களுக்கான விதியை அனுமதித்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2022 மே மாதத்தில், எவருக்கும் வற்புறுத்தித் தடுப்பூசி ஏற்றலாகாது என்றும், பொதுச் சுகாதாரத்துக்காக நியாயமான வரையறைகளை விதிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. விதி எழுத்தில் இருந்தபடியால் அங்கே வழக்காடுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. இங்கோ, பொது இடங்களுக்குள் நுழைய முழுமையான தடுப்பூசி வேண்டும் என்ற வர்த்தமானி 2022 ஜனவரியில்தான் வந்தது; நான் திருப்பியனுப்பப்பட்டது அதற்கு முன்னர். அது நடைமுறைக்கு வரவேண்டிய ஏப்ரல் 30 இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றது. அட்டை கேட்ட எவரையும் நான் காணவில்லை.

மருத்துவக் கடிதத்தை நிறுவனம் பெற்றுக்கொண்டு எழுத்தில் பதிலளிக்க வேண்டும், அதுவரை சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்று தொழில் திணைக்களம் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட வேண்டும். கழிக்கப்பட்ட என் சம்பளம் குறித்து நிறுவனத்துக்கு நான் அனுப்பிய பதிவுத் தபாலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.