நாலாவதா, அஞ்சாவதா? சாண்ட்லர் வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அரிசோனாவில் சாண்ட்லர் நகரத்து பேசிஸ் பள்ளியில் பாப்பாவுக்கு நான்காம் வகுப்பு கேட்பதா, ஐந்தாம் வகுப்பு கேட்பதா என்று கேட்டிருந்தாய். "நாலாவது முடிச்ச பிள்ளையைத் திரும்ப நாலாவதுலயே உட்கார வைக்கிறதா?" என்று அம்மா சண்டை போடுகிறார் என்றும் சொன்னாய். சாண்ட்லருக்கு வேலை மாறி வருகிற நம்மவர்கள் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

நான்கில் போடு.

முதலில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய வயதுக் கணக்கு. நம் ஊரில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அரிசோனாவில் செப்டம்பர் 1-க்கு முன் 5 முடிந்தால் கிண்டர்கார்டன்தான். ஒன்றாம் வகுப்புக்கு 6 முடிய வேண்டும். பாப்பாவுக்கு அக்டோபரில்தான் பத்து முடிகிறது. அவள் வயதுப் பிள்ளைகள் இங்கே நான்கில்தான் படிப்பார்கள். அவளை யாரும் கீழே இறக்கவில்லை. ஐந்தில் போட்டால் வகுப்பிலேயே சின்னவளாகப் போய் உட்காருவாள்.

சாதாரணப் பள்ளியாக இருந்தால், சரி, சமாளித்துக்கொள்வாள் என்று விட்டிருப்பேன். இது ஏற்கனவே வேகமாக ஓடுகிற பள்ளி. 1998-இல் டூசானில் தொடங்கியது. சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்துவது. கட்டணம் கிடையாது, இடம் குலுக்கலில். 2017-இல் யூ.எஸ். நியூஸ் பத்திரிகைப் பட்டியலில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் முதல் மூன்று இடங்களும் இவர்களுடைய கிளைப் பள்ளிகளுக்கே போயின. அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பாத மாமா இல்லை. அது கிடக்கட்டும், நீ பார்க்க வேண்டியது ஆறாம் வகுப்பை. அங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனிப் பாடம். வருஷக் கடைசியில் முழுப் பாடத்துக்கும் தேர்வு, தேறினால்தான் அடுத்த வகுப்பு. ஐந்தில் சேர்த்தால் அதற்குத் தயாராக ஒரே வருஷம். நான்கில் சேர்த்தால் இரண்டு.

கணக்கில் புலி என்கிறாய். இருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் வாய்ப்பாட்டை வைத்தே வகுப்பை முடிவு செய்துவிடுகிறோம். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வதே கணக்கைத்தான். தடுக்கி விழுவது வேறு இடத்தில். "என்னிடம் இரண்டு குவார்ட்டர், மூன்று டைம் இருக்கிறது. ஒரு டாலர் பென்சில் வாங்க இன்னும் எவ்வளவு வேண்டும்?" என்று அவளிடம் கேட்டுப் பார். இருபது சென்ட் என்கிற கழித்தல் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. குவார்ட்டர் என்றால் இருபத்தைந்து சென்ட், டைம் என்றால் பத்து என்று தெரியாமல் விழிப்பாள். அங்குலம், அடி, அவுன்ஸ் எல்லாம் இதே கதைதான். இது ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

எழுத்து அப்படி இல்லை. ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிக்கச் சொல்லி, மூடி வைத்துவிட்டு, அந்தப் பையன் ஏன் அப்படிச் செய்தான் என்று சொந்தமாக ஐந்து வரி எழுதச் சொல். புத்தகத்தில் இருந்த வாக்கியமே திரும்பி வந்தால், அதைத்தான் அந்தக் கூடுதல் வருஷத்தில் பழக வேண்டும். மனப்பாடம் நல்ல பழக்கம்தான், இங்கே அதற்கு மதிப்பெண் குறைவு. அப்புறம், கம்யூனிகேஷன் ஜர்னல் என்று ஒரு நோட்டு உண்டு. இன்றைய பாடம், வீட்டுப்பாடம், அடுத்த தேர்வு எல்லாவற்றையும் பிள்ளையே அதில் குறித்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாள் டைரியை அம்மா பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு வகுப்புப் பாடத்தை விட இதுதான் கஷ்டம்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ மூணாவதுல போட்டா முதல் ரேங்க் வாங்குவாளே" என்று ஆரம்பிக்காதே. இங்கேயும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. தெரிந்ததையே வருஷம் முழுக்கக் கேட்கிற பிள்ளைக்குப் படிப்பில் சலிப்பு வந்துவிடும், வயதிலும் உயரத்திலும் தனித்துத் தெரிவாள்.

குலுக்கல் வகுப்புவாரியாக நடக்கும். விண்ணப்பத்தில் எந்த வகுப்பு எழுதுகிறாயோ அந்த வரிசையில்தான் நிற்பாய், பிறகு மாற்ற நினைத்தால் அந்த வகுப்பில் இடம் இருக்க வேண்டுமே! அதனால் இந்த வாரமே அம்மாவிடம் பேசி முடித்துவிடு. பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் கைப்பையில் வைத்துக்கொள், பெரிய பெட்டியில் போட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா