வற்ற நேரத்தில் பண்ணைக் கழிவுநீரை ஆற்றில் திறப்பதைத் தடுத்து நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
உப்பனாற்றில் கையால் தடவி இறால், மட்டி, நண்டு பிடித்துப் பிழைக்கும் பெண்கள்
(பெயர், கையெழுத்து, கைநாட்டு தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்

பொருள்: இறால் பண்ணையிலிருந்து அறுவடைக் கழிவுநீரை வற்ற நேரத்தில் (கடல் இறங்கி ஆற்று நீர் வடிகிற நேரத்தில்) ஆற்றில் திறந்துவிடுவதை நிறுத்த வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை மக்கள் குறைதீர்ப்பு நாளில் இதே பொருள் குறித்து ஏற்கனவே கொடுத்த மனுக்கள் (ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இணைத்துள்ளோம்).

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. பிச்சாவரத்துக்கு வருகிற யாரும் எங்கள் ஆற்றைப் பார்க்காமல் போக முடியாது. ஆகவே ஊர் எங்கே, வாய்க்கால் எங்கே பிரிகிறது என்றெல்லாம் எழுதித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய மனுக்களில் சொன்னதைத்தான் திரும்பவும் சொல்கிறோம். பதில் வந்திருந்தால் திரும்ப எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. பணிவுடன் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1. எங்களுக்குப் படகு இல்லை, வலை இல்லை. பனை ஓலையில் முடைந்த பறி ஒன்று, இரண்டு கை, அவ்வளவுதான் தொழில் சாமான். தண்ணீர் வற்றும்போது ஆற்றில் இறங்கி, முட்டிபோட்டு, பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வோம். விரலில் இறால் துள்ளினால் அமுக்கிப் பிடித்துப் பறியில் போடுவோம். மட்டி சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், அதைக் காலால் துழாவி எடுப்போம். இடுப்பளவு தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிற வேலை இல்லை இது. கழுத்துவரை நனைந்துதான் இருப்போம், வாயும் மூக்கும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கும். இதைத் தங்கள் மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படிக்க வேண்டுகிறோம்.

2. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் நன்றாக வற்றும், திட்டு வெளியே தெரியும், எங்களுக்கும் பறி நிறையும். பண்ணைக்காரருக்கும் அதே நாள்தான் வசதி. ஆறு இறங்கியிருந்தால்தான் குட்டைத் தண்ணீர் மோட்டார் இல்லாமல் தானாக வடியும். எனவே நாங்கள் இறங்குகிற நேரம் பார்த்து மதகைத் தூக்குகிறார்கள். வேண்டுமென்று செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. மோட்டாருக்கு ஆகும் டீசல் காசு மிச்சம், அதற்காகச் செய்கிறார்கள். ஆனால் அந்த மிச்சத்தின் விலையை நாங்கள் கொடுக்கிறோம்.

3. மதகு திறந்தால் என்ன ஆகிறது என்பதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள் ஐயா. முதலில் வருவது பச்சைத் தண்ணீர். அதுகூடப் பரவாயில்லை. குட்டை வற்ற வற்றக் கடைசியில் வருவதுதான் கறுப்பு. தின்னாமல் கிடந்த தீவனம், இறாலின் கழிவு, உரித்த தோடு, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து ஊறிய அடிச்சேறு அது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆறு இறங்கிக் கிடப்பதால் கலந்து ஓடுவதற்குத் தண்ணீர் கிடையாது. அந்தக் கறுப்பு அப்படியே எங்கள் மேல் வருகிறது. கண் எரியும். தொடையிடுக்கிலும் கழுத்திலும் அரிப்பு எடுக்கும், இரவெல்லாம் தூங்க முடியாது. விரல் இடுக்குத் தோல் வெந்ததுபோல வெள்ளையாக ஊறி உரிந்துவிடும். உரிந்த விரலோடு மறுநாள் உப்புத் தண்ணீரில் கையை விட்டால் எப்படி இருக்கும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். மாதவிலக்கு நாட்களில் இறங்குகிற பெண்களின் கஷ்டத்தை மனுவில் எழுத வாய் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறோம். ஏனென்றால் அதையும் இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் களிம்பு தருகிறார்கள், "தண்ணியில இறங்காதீங்க" என்கிறார்கள். இறங்காமல் எப்படிச் சோறு தின்பது? பறியைப் பல்லால் கடித்திருக்கும்போது வாய் மூட முடியாது. அந்தத் தண்ணீர் வாய்க்குள் போகிறது. துப்பித் துப்பித்தான் வேலை செய்கிறோம்.

சில போகங்களில் பண்ணையில் வெள்ளைப்புள்ளி நோய் வரும். வந்தால் தண்ணீரை வெளியே விடாமல் குட்டையிலேயே நிறுத்தி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமியைக் கொன்று, சில நாள் வைத்திருந்து அப்புறம்தான் விட வேண்டும். அதைச் செய்யாமல் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டால் நோய் ஆற்று இறாலுக்கும் நண்டுக்கும் வருகிறது. பவுடரைப் போட்ட சூட்டோடு திறந்துவிட்டால் எங்கள் கண் போகிறது. இரண்டும் நடந்திருக்கிறது.

4. மீனுக்கு நீந்தத் தெரியும். மடவை, கொடுவா எல்லாம் கெட்ட தண்ணீர் வந்தால் விலகி ஓடிவிடும். மட்டி எங்கே ஓடும்? இருந்த இடத்திலேயே ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கும். நல்ல தண்ணீர் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கப் பார்க்கும். முடியாதபோது வாயைப் பிளந்து செத்துவிடும். மதகுக்குக் கீழே உள்ள திட்டில் இப்போது காலை வைத்தால் வெற்று ஓடுதான் குத்துகிறது. முன்பு ஒரு வற்றத்தில் கூடை நிறைய மட்டி எடுத்த இடம் அது. ஆளி என்கிற சிப்பி ஒட்டியிருந்த கல்லெல்லாம் கருஞ்சேறு மூடிக் கிடக்கிறது. மட்டி தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித்தான் இரை எடுக்கும். ஆகவே தண்ணீரில் இருக்கும் கெட்டது பலவும் அதன் சதையில் தங்கும். சாகாமல் பிழைத்துக் கிடக்கிற மட்டியையும் பயந்துகொண்டேதான் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறோம்.

5. அதிகாரிகள் வரவில்லை என்று நாங்கள் பொய் சொல்லவில்லை. ஒருமுறை வந்தார்கள். பகல் நேரம், நல்ல ஏற்றம், ஆறு கரை தட்டி நின்றது. கரையிலிருந்தே குனிந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடல் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கும்போது எந்த ஆறுதான் நன்றாக இருக்காது? விடியற்காலை வற்றத்தில் வாருங்கள் என்று அப்போதே சொன்னோம், அது அலுவல் நேரம் இல்லையாம். வற்றம் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற உத்தியோகஸ்தர் அல்ல ஐயா. அது நிலவைப் பார்த்து வருகிறது. அந்த ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துத்தான் "குறைபாடு ஏதும் கண்டறியப்படவில்லை" என்று எழுதி எங்கள் மனுவை முடித்துவைத்திருக்கிறார்கள். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. படித்துக் காட்டிய பிள்ளையிடம், என்னடா முடிந்தது என்று கேட்டோம். மனுதான் முடிந்ததாம்.

அதற்கு முன் கொடுத்த மனுவுக்கு, இது எங்கள் துறை இல்லை என்று ஒரு அலுவலகம் சொன்னது. அவர்கள் கைகாட்டிய இடத்தில், சென்னைக்கு எழுதுங்கள் என்றார்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, வற்றத்தையும் விட்டுவிட்டு அலைந்ததுதான் மிச்சம்.

6. எங்களை மீனவர் கணக்கிலும் சேர்ப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாய் எங்கள் தெருவுக்கு வராது. அதை இந்த மனுவில் கேட்கவும் இல்லை. அது வேறு மனு.

7. சட்டம் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துப் பேசுகிறார்கள். படித்த பிள்ளைகளை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். நாகைப் பக்கம் வயலும் குடிதண்ணீரும் இறால் பண்ணையால் கெட்டபோது சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பண்ணை பதிவு பெற வேண்டும், பதிவுக்குக் காலக்கெடு உண்டு, கழிவுநீருக்கு அளவுகோல் உண்டு. கழிமுகத்தில் விடும் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது அதில் ஒன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ நீர்ப்பரப்பு உள்ள பண்ணை, கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்கத் தனிக் குட்டை வைத்திருக்க வேண்டும். எங்கள் ஆற்றங்கரையில் அப்படி ஒரு தெளிவுக் குட்டையை நாங்கள் பார்த்ததில்லை. கேட்டால் ஒவ்வொருவருக்கும் 5 ஹெக்டேருக்குக் கீழேதான் இருக்கிறது என்று காகிதம் காட்டுகிறார்களாம். பட்டா நான்கு பேர் பெயரில் இருக்கலாம் ஐயா, மதகு ஒன்றுதான். நான்கு பேர் தண்ணீரும் அந்த ஒரே மதகில்தான் வருகிறது. அங்கே நின்று பார்த்தால் எந்தத் தண்ணீர் யாருடையது என்று எங்களுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. காகிதம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்போல.

இதில் முக்கியமானது, பண்ணைகளுக்கான மாவட்ட அளவிலான குழுவுக்கு மாவட்ட ஆட்சித்தலைவர்தான் தலைவர். அதனால்தான் இங்கே அங்கே என்று அலைந்த பிறகு தங்களிடமே வந்து நிற்கிறோம்.

8. பண்ணையை மூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே அங்கே தீவனம் போடுகிற வேலைக்குப் போகிறார்கள், அறுவடை நாளில் இறால் பொறுக்கக் கூலிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆகவே பண்ணைமேல் பொறாமையால் எழுதுகிறோம் என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

9. வற்ற நேரத்தில் மதகைத் திறக்காதே என்று ஒரு உத்தரவு போடுங்கள். அதுதான் கேட்கிறோம். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்கிறோம். முழு ஏற்றம் திரும்பி இறங்கத் தொடங்குகிறபோது, தெளியவைத்த தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஆறும் கலந்து எடுத்துப்போகும், பண்ணைக்கும் நட்டமில்லை. அடிச்சேற்றை ஆற்றுக்கு விடாமல் கரையில் ஏற்றிக் காயவைக்கச் சொல்லுங்கள். அறுவடைக்கு முன் எங்கள் தெருவில் தண்டோரா போட்டால்கூடப் போதும், அன்றைக்கு நாங்கள் வேறு திட்டுக்குப் போய்க்கொள்வோம். இதற்குக் கோடிக்கணக்கில் நிதி ஒதுக்க வேண்டியதில்லை, ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. தங்கள் கையெழுத்து ஒன்று போதும். அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் இத்தனை நடை.

சுற்றுலாப் படகில் வருகிறவர்கள் எங்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுரபுன்னைக் காட்டுக்கு நடுவில் தலை மட்டும் தெரிய நாங்கள் நகர்வது அழகாக இருக்கிறதாம். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் படத்தில் நாற்றம் தெரியாது.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

அ) அடுத்த அமாவாசை வற்றத்தின்போது, விடியற்காலை நேரத்தில், பொறுப்பான அதிகாரி ஒருவரை மதகுக்கு நேரில் அனுப்பி, அங்கே ஓடும் தண்ணீரையும் அதன் கீழே உள்ள சேற்றையும் எங்கள் முன்னிலையில் மாதிரி எடுக்கச் செய்ய வேண்டுகிறோம். ஏற்ற நேரத்தில் எடுத்த மாதிரியை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. இந்த ஆறுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறவர்கள், கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் உடன் அழைத்துவரலாம்.

ஆ) அந்த மதகைப் பயன்படுத்தும் பண்ணைகளின் பதிவு விவரத்தை, யார் பெயரில் எத்தனை ஹெக்டேர், பதிவு எந்தத் தேதிவரை செல்லும் என்பதோடு, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்ய வேண்டுகிறோம்.

இ) தோல் மருத்துவரோடும் பெண் மருத்துவரோடும் எங்கள் தெருவில் மருத்துவ முகாம் ஒன்று நடத்த வேண்டுகிறோம்.

ஈ) மேலே சொன்னதுதான். வற்ற நேரத்தில் மதகைத் திறக்கக் கூடாது.

எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம். "தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற குறுஞ்செய்தியைப் பதிலாக எடுத்துக்கொள்ள இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். வரும் அதிகாரி முதல்நாளே சொல்லிவிட்டால், எத்தனை மணிக்கு வற்றும் என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். மாற்று வேட்டி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். கரையில் நின்றால் தெரியாது, இறங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உப்பனாற்றில் தொழில் செய்யும் பெண்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், மருத்துவமனைச் சீட்டுகளின் நகல்கள், மதகின் புகைப்படங்கள் (வற்ற நேரத்தில் எடுத்தவை).